வலையமைப்பு வணிகத்தில் வாடிக்கையாளர் யார்?

2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியா நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள அதன் தொழிற்சாலைக் கட்டடமும் நிலமும் முடக்கப்பட்டவற்றில் அடக்கம். அப்போது அத்துறை வெளியிட்ட விவரங்களில் இரண்டு எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். 2002-03 முதல் 2021-22 வரை அந்நிறுவனம் தன் வணிகத்தில் திரட்டிய தொகை 27,562 கோடி ரூபாய். அதே காலத்தில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விநியோகஸ்தர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் கமிஷனாகக் கொடுத்தது 7,588 கோடி ரூபாய். நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு மோசடி நடக்கிறது என்பது துறையின் குற்றச்சாட்டு. 2011இல் தொடங்கிய விசாரணை இது, அன்று முதல் ஒத்துழைத்து வருகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். குற்றம் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

எனக்கு அந்த 27,562 கோடியைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. வலையமைப்பில் சேராத ஒருவர், வருமான ஆசை எதுவும் இல்லாமல், அந்தச் சோப்பும் அந்தப் புரதப் பொடியும் தேவைப்பட்டு வாங்கிக் கொடுத்த பணம் இதில் எவ்வளவு? உறுப்பினர்கள் தங்கள் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள மாதாமாதம் தாமே வாங்கிய சரக்கின் பணம் எவ்வளவு? இப்படிப் பிரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்படி எந்த இந்திய விதியும் எந்த நிறுவனத்தையும் கேட்பதில்லை. வலையமைப்பு வணிகத்தின் மீது எழும் புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. விற்பனையாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பவர்தான் பல திட்டங்களில் உண்மையான வாடிக்கையாளர். அவரை அப்படிப் பார்க்க மறுப்பதால் சட்டமும் காவல்துறையும் நுகர்வோர் அமைப்புகளும் அவரைக் கைவிடுகின்றன.

நடைமுறை இப்படி இருக்கும். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வருவார், அல்லது ஒரு ஹோட்டல் அரங்கில் நடக்கும் மீட்டிங்குக்கு அழைத்துச் செல்வார். அங்கே ‘பிளான்’ காட்டுவார்கள். பொருளைப் பற்றிப் பத்து நிமிடம் பேச்சு, வருமானத்தைப் பற்றி ஒரு மணி நேரம். பிறகு ‘ஐடி’ போடுவது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை என்பார்கள், அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கமிஷன் பெறும் தகுதிக்கு இத்தனை புள்ளிகளுக்குப் பொருள் எடுக்க வேண்டும், அடுத்த மாதமும் ‘ஆக்டிவ்’ ஆக இருக்க மறுபடி எடுக்க வேண்டும். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். அவர்களுக்குக் கீழே ஆளுக்கு இருவர். கீழே உள்ளவர்கள் எடுக்கும் பொருளின் மதிப்பில் மேலே உள்ளவருக்கு ஒரு பங்கு போகும். நுழைவுக் கட்டணம் ஒழிந்தாலும் அதன் வேலையைக் கட்டாயக் கொள்முதல் செய்துவிடுகிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. காஸ்காட் இன்டர்பிளானட்டரி என்ற அழகுசாதன நிறுவனத்தின் வழக்கில் 1975இல் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு அளவுகோலை வகுத்தது. பணம் கட்டுகிறவருக்கு இரண்டு உரிமைகள் கிடைக்கின்றன: பொருளை விற்கும் உரிமை, ஆள் சேர்த்துப் பலன் பெறும் உரிமை. அந்தப் பலன் பொருளைக் கடைசியாகப் பயன்படுத்துபவருக்கு நடக்கும் விற்பனையோடு தொடர்பில்லாமல் வருமானால் அது பிரமிடு. 1979இல் அதே ஆணையம் ஆம்வேயை விசாரித்து, அது பிரமிடு அல்ல என்று தீர்ப்பளித்தது. விற்காத சரக்கை நிறுவனம் திரும்ப வாங்க வேண்டும், வாங்கியதில் 70 சதவீதத்தை விநியோகஸ்தர் விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து சில்லறை வாடிக்கையாளர்களுக்காவது விற்க வேண்டும் என்று நிறுவனத்துக்குள் இருந்த விதிகளே அதற்குக் காரணம். விலையை நிர்ணயித்ததும் வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதும் தவறு என்று அதே தீர்ப்பு சொன்னதை மேடைகளில் யாரும் நினைவுபடுத்துவதில்லை. அந்த விதிகள் உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று யார் எண்ணிப் பார்ப்பது என்ற சிக்கலை அந்தத் தீர்ப்பு அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றது.

எண்ணிப் பார்க்கும் வேலையை 2016இல் ஹெர்பாலைஃப் வழக்கு செய்தது. அந்நிறுவனம் 20 கோடி டாலர் கொடுத்து ஆணையத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 3,50,000 பேருக்கு அந்தப் பணம் காசோலையாகப் போனது. பெரும்பாலான காசோலைகள் 100 முதல் 500 டாலர் வரைக்குமானவை. ஊட்டச்சத்து கிளப் நடத்தியவர்களைப் பற்றி நிறுவனமே எடுத்த ஒரு கணக்கெடுப்பை ஆணையம் மனுவில் காட்டியது. கிளப் திறக்க ஒருவர் சராசரியாகச் செலவிட்டது சுமார் 8,500 டாலர். 57 சதவீதம் பேருக்கு லாபமே இல்லை, அல்லது நட்டம். பணத்தைவிட முக்கியமானது, உடன்பாட்டில் விதிக்கப்பட்ட நிபந்தனை. விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் பலனில் மூன்றில் இரண்டு பங்காவது சரிபார்க்கக்கூடிய சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும். விநியோகஸ்தர்கள் சொந்தமாகப் பயன்படுத்துவதற்கு வாங்கியதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெறும் தள்ளுபடிக்காகச் சேர்ந்தவர்களையும் தொழில் செய்யச் சேர்ந்தவர்களையும் வேறு வேறாகப் பதிய வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதத்துக்கு நேர்மையான பதில். “எங்கள் உறுப்பினர்களில் பலர் விற்பதற்காகச் சேரவில்லை, பொருள் பிடித்துப்போய் குறைந்த விலைக்கு வாங்கச் சேர்ந்தார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று ஏன் எண்ணுகிறீர்கள்?” என்பது அந்த வாதம். இது முழுப்பொய் அல்ல. ஒரு முகப்பூச்சு பிடித்துப்போய் வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள் உண்டு. அப்படியானால் அவர்களைத் தனியே எண்ணிக் காட்டுவதில் நிறுவனத்துக்கு என்ன தடை? வருமான வாக்குறுதியை எடுத்துவிட்டால் அதே விலைக்கு அதே பொருளை அதே அளவில் யார் வாங்குவார் என்று தெரிந்துவிடும். சந்தையில் கிடைக்கும் ஒத்த பொருள்களோடு ஒப்பிட்டால் ஆம்வேயின் பெரும்பாலான பொருள்களின் விலை மிக அதிகம் என்று அமலாக்கத் துறை சொன்னதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே பல தட்டுகளுக்குப் போக வேண்டிய கமிஷன் அந்த விலைக்குள்தான் இருக்கிறது.

பிரமிடைப் பற்றி எச்சரிப்பவர்கள் ஒரு கணக்கைச் சொல்வார்கள்: ஒருவர் ஆறு பேரைச் சேர்த்தால், அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்த்தால், பதின்மூன்றாம் சுற்றில் 1,300 கோடியைத் தாண்டிவிடும், உலகில் அத்தனை பேர் இல்லை. கணக்கு சரி. ஆனால் இந்த எச்சரிக்கை யாரையும் தடுப்பதில்லை. “உலகம் தீரும்போது பார்த்துக்கொள்ளலாம், நான் இப்போதே சேர்கிறேன்” என்று கேட்பவர் நினைப்பார். உலகம் தீர வேண்டிய அவசியமே இல்லை. இரண்டிரண்டாகப் பிரியும் ஓர் அமைப்பில் பத்துத் தட்டு நிறைந்தால் மொத்தம் 1,023 பேர். அதில் கடைசித் தட்டில் 512 பேர். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கீழே ஆளே இல்லை. அதற்கு மேல் தட்டில் இருக்கும் 256 பேருக்கு ஆளுக்கு இருவர் மட்டுமே. தட்டுகள் எத்தனை கூடினாலும் இந்த விகிதம் மாறாது. ஆறு ஆறாகப் பிரிந்தால் அடித்தட்டில் இருப்பவர்கள் 83 சதவீதம். அமைப்பு செழித்து வளரும் நாளிலும் பெரும்பான்மை நட்டத்தில்தான் நிற்கும். அவர்கள் சோர்ந்து விலக, வேறு புதியவர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். அதனால் அமைப்பு சரிவது வெளியே தெரிவதில்லை.

உழைத்தவருக்குக் கிடைக்கும், உழைக்காதவர் புலம்புவார் என்ற மேடைப் பேச்சை இந்த விகிதம் பொய்யாக்குகிறது. அந்த 1,023 பேரும் ஒரே அளவு உழைத்தாலும் 512 பேர் கடைசித் தட்டில்தான் இருந்தாக வேண்டும். உழைப்பு யார் அங்கே நிற்பது என்பதை மாற்றலாம், எத்தனை பேர் நிற்பது என்பதை மாற்றாது.

உண்மை நிலவரமும் கணக்கை ஒட்டியே இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் ஏஏஆர்பி அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய திட்டங்களில் சேர்ந்தவர்களில் 47 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள், 27 சதவீதம் பேர் போட்டதை மட்டும் எடுத்தார்கள், கால்வாசிப் பேர் லாபம் கண்டார்கள். 2024 செப்டம்பரில் வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 70 நிறுவனங்கள் தாமே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான உறுப்பினர்கள் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோ பெற்றிருந்தார்கள். செலவைக் கழிக்காத தொகை அது. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பான்மையோருக்கு ஒரு காசும் வரவில்லை. பல அறிக்கைகள் ஒன்றும் சம்பாதிக்காதவர்களைச் சராசரியிலிருந்தே நீக்கியிருந்தன, செலவைச் சொல்லவில்லை. பொருள் எடுத்த செலவு, மீட்டிங் நுழைவுச்சீட்டு, வெளியூர்ப் பயணம், தங்கும் அறை, விருந்துகள் என்று நம் ஊரில் வருகிற செலவை யாரும் நோட்டில் எழுதி வைப்பதில்லை. வந்த கமிஷன் மட்டும் வங்கிக் கணக்கில் தெரியும், அதைத்தான் செல்பேசியில் படமெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள்.

இனி இந்தியச் சட்டம். ரிசர்வ் வங்கி 1974இல் அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1978இல் பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது. விரைவாகவோ எளிதாகவோ பணம் பண்ணும் திட்டம், உறுப்பினர் சேர்க்கையைப் பொறுத்துப் பணம் தருவதாக வாக்களிக்கும் திட்டம் ஆகியவற்றை அது பணச்சுழற்சி என்று வரையறுக்கிறது. இந்த வரையறைக்குள் ஆம்வேயின் திட்டம் வருவதாக 2007இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் கருதியது. லாட்டரிச் சீட்டைக் காட்டிப் பணம் இரட்டிப்பாகும் என்று ஆள் சேர்த்த ஒரு கேரளத் திட்டம் குறித்த குரியச்சன் சாக்கோ வழக்கில், கணக்குப்படியே கைகூட முடியாத திட்டத்தை வகுத்தவர்கள் அதை அறியாதவர்களாக இருக்க முடியாது என்ற நோக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வழக்கு தொடர வழிவிட்டது. ஆக, வரையறை வலுவானதுதான்.

வலுவில்லாதது தண்டனை. அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 1978இல் 5,000 ரூபாய் ஒரு தொகை. ஆயிரக்கணக்கான கோடி புழங்கும் இந்தக் காலத்தில், ஒரு ஹோட்டல் அரங்கின் அரைநாள் வாடகைக்கும் அது போதாது.

அதைவிட ஆழமான குறை மூன்றாம் பிரிவில் இருக்கிறது. திட்டத்தை நடத்துவதை மட்டும் அந்தப் பிரிவு தடை செய்யவில்லை, உறுப்பினராகச் சேர்வதையும் வேறு வகையில் பங்கெடுப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. நான்காம் பிரிவின் தண்டனை இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். காவல் நிலையப் படியேறி “நான் ஏமாந்துவிட்டேன், என் தங்கையையும் சேர்த்துவிட்டேன்” என்று சொல்கிற பெண், சட்டத்தின் எழுத்துப்படி தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறாள். நடைமுறையில் இத்தகைய சாதாரண உறுப்பினர்கள் மீது வழக்குப் போடுவதில் காவல்துறை ஆர்வம் காட்டுவதில்லை. ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களின் வாயை அடைக்க முடிகிறது: “நீங்களும்தானே ஆள் சேர்த்தீங்க?”

நுகர்வோர் சட்டத்திடம் போனால் வேறொரு கதவு மூடுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மறுவிற்பனைக்காக வாங்குகிறவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிடுகிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குகிறவருக்கு ஒரு விதிவிலக்கு இருந்தாலும், அதை வழக்காடித்தான் நிறுவ வேண்டும். ஆக, வீட்டுப் பரணில் காலாவதியாகிக் கிடக்கும் பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் ஒரு சட்டத்தின் முன் உடந்தை, இன்னொரு சட்டத்தின் முன் வியாபாரி. வாங்கியவர், இழந்தவர் என்று அவரைப் பார்க்கும் சட்டம் எங்கே?

சென்னையில் நடந்த கோல்டுக்வெஸ்ட் வழக்கு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. தங்க நாணயத்தை முன்வைத்து ஆள் சேர்த்த அந்நிறுவனத்தின் மீது 2003இல் சென்னை மத்தியக் குற்றப் பிரிவில் வழக்குப் பதிவானது. புகார் கொடுத்தவர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வழக்கை ரத்து செய்யலாமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதிக்கும் அமர்வுக்கும் கருத்து வேறுபட, 2014இல் உச்ச நீதிமன்றம் சமரசத்தை ஏற்று வழக்கை முடித்து வைத்தது. பணம் திரும்பக் கிடைத்தவர்களுக்கு அது நல்ல முடிவு, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் திட்டம் பணச்சுழற்சிதானா என்ற பொதுக்கேள்வி பதிலின்றி நின்றது. புகார் கொடுக்கத் துணியாதவர்களின் நட்டம் எந்தச் சமரசத்திலும் வராது.

புகார் ஏன் வருவதில்லை என்பதற்குக் கோவையில் 2024 ஜனவரி இறுதியில் நடந்தது ஒரு சான்று. செயலியில் விளம்பரம் பார்த்தால் நாள்தோறும் பணம், கூடுதலாகக் கட்டினால் கூடுதல் வருமானம், ஆள் சேர்த்தால் அதற்கும் பங்கு என்று இயங்கிய மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. மோசடி எதுவும் இல்லை என்றது நிறுவனம். அடுத்து நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். பணத்தைக் கேட்டு வந்த கூட்டமல்ல அது, நிறுவனத்துக்கு ஆதரவாக வந்த கூட்டம். அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பணம் கட்டியவர்களுக்கு அது ஒரு தெளிவான கணக்கு: திட்டம் ஓடும்வரை கட்டியது திரும்பும், போலீஸ் நிறுத்தினால் அன்றோடு போயிற்று. தன் பணத்தைக் காக்க நினைப்பவர் திட்டத்தைக் காக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுகிறார். அதனால்தான் இத்தகைய திட்டங்களில் பொதுமக்கள் புகாருக்காகக் காத்திருக்கும் காவல்துறை எப்போதும் தாமதமாகவே வந்து சேரும்.

இதற்குள் உறவுகள் படும் பாட்டைப் பேசாமல் பணத்தை மட்டும் பேசுவது அநியாயம். இந்த வணிகத்தின் முதல் பாடமே ‘தெரிந்தவர் பட்டியல்’ எழுதுவதுதான். அண்ணன், மச்சான், சித்தி, பள்ளித் தோழி, பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையின் டியூஷன் ஆசிரியை. பல ஆண்டுகள் மொய் எழுதியும் துக்கத்துக்குப் போயும் சேர்த்த நம்பிக்கையை ஒரே மாதத்தில் செலவழிக்கச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சரக்கெடுத்த தங்கை, பணம் போன பிறகு அக்காவிடம் கேட்க முடியாது, அக்காவும் அதே கடனில் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் பேச்சு நின்றுபோகிறது. நண்பர்கள் விலகும்போது ‘நெகட்டிவ் ஆட்களைத் தள்ளி வையுங்கள்’ என்று மேடையில் சொல்லிக் கொடுத்த வாசகம் ஆறுதலாக வருகிறது, அந்த ஆறுதல் அவரை இன்னும் தனிமைப்படுத்துகிறது. இந்த இழப்புக்கு எந்தத் துறையும் தொகை போட்டதில்லை.

உடல்நலம் சார்ந்த ஆபத்தையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்று சத்துமாவையும் சாற்றையும் விற்கும்போது, சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நீரிழிவு உள்ளிட்ட நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வாய்மொழியாக வீட்டுத் திண்ணையில் சொல்லப்படும் வாக்குறுதியை அந்தச் சட்டம் பிடிப்பது கடினம்.

2021 டிசம்பர் இறுதியில் வந்த நேரடி விற்பனை விதிகள் ஒரு முன்னேற்றம். பிரமிடு திட்டத்தையும் பணச்சுழற்சியையும் நேரடி விற்பனை என்ற பெயரில் நடத்தக் கூடாது. சேர நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அபராதமின்றி விலகக் குறிப்பிட்ட கால அவகாசம் வேண்டும். புகாரை 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், வழக்கமாக ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். “வேறு ஆட்களைச் சேர்த்துவிட்டால் நீங்கள் கொடுத்த விலை திரும்பிவிடும்” என்று சொல்லிப் பொருளை விற்கக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. அதை உள்ளபடி அமல்படுத்தினால் பல பிளான்கள் மேடையேறவே முடியாது. கண்காணிக்கும் பொறுப்பு மாநில அரசுகளுடையது.

இலங்கையில் வேறொரு வழி இருக்கிறது. 1988ஆம் ஆண்டு வங்கித் தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் பிரமிடு திட்டங்களைத் தொடங்குவதும் விளம்பரப்படுத்துவதும் நடத்துவதும் குற்றம். அப்படித் தடை செய்யப்பட்டதாகத் தீர்மானித்த நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளிப்படையாக அறிவிக்கிறது. சேரச் சொல்லி ஒருவர் வந்தால், யாழ்ப்பாணத்தில் இருப்பவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட முடியும். இங்கே நம்மிடம் காட்டப்படுவது கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு உரிம எண். இவை எல்லாம் உண்மையாகவே இருக்கும். நிறுவனம் இருக்கிறது, வரி கட்டப் பதிந்திருக்கிறது, உணவு விற்க உரிமம் பெற்றிருக்கிறது என்பதற்குத்தான் இவை சான்று. கமிஷன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் கிடையாது. ‘அரசு அங்கீகாரம்’ என்று அவற்றை உயர்த்திக் காட்டுகிறவரிடம் மூன்று விவரங்கள் கேட்கலாம்: சென்ற ஆண்டு வெளி வாடிக்கையாளருக்கு நடந்த விற்பனை எவ்வளவு, செலவு போக நடுத்தட்டு உறுப்பினர் ஒருவர் கையில் நின்றது எவ்வளவு, ஓராண்டுக்குள் விலகியவர்கள் எத்தனை பேர்.

இந்த மூன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் தணிக்கை செய்து வெளியிட வேண்டும் என்று நேரடி விற்பனை விதிகளில் ஒரு திருத்தம் சேர்ப்பது கடினமல்ல. நேர்மையாக நடத்துகிற நிறுவனத்துக்கு அதனால் நட்டமும் இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில், சேர்ந்ததற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கும் சொற்களை மூன்றாம் பிரிவிலிருந்து நீக்க வேண்டும், குறைந்தபட்சம் தாமாக முன்வந்து புகார் தருகிற உறுப்பினருக்கு விலக்கு அளிக்க வேண்டும். அதுவரை ஏமாந்தவர்களுக்குத் திறந்திருப்பது, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் ஒரு புகாரும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், பணம் பெரிதானால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப் பிரிவும்தான். ஒப்பந்தம், ரசீது, பணம் அனுப்பிய விவரம், வருமானத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பவரின் புகாருக்குத்தான் அங்கே கால் ஊன்ற முடியும். தன்னைச் சேர்த்த அண்ணனோடும் தான் சேர்த்த தங்கையோடும் சேர்ந்தே போய்க் கொடுத்தால், அது ஒரு தனிமனிதரின் கடன் தகராறு என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு வாய்ப்பு குறைவு.